கால்வாய்ப் பேய்க்குப் பெயர் எழுதிக் கொடுப்பது யார்?

கால்வாய்க்கரை (சனி இரவு 11.20)

கனகாலமாக வாசித்துவிட்டு மட்டும் போகிற ஆள் நான். இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன், அதுவும் கொஞ்சம் கடுப்பில்.

ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளவத்தைக் கால்வாய்க்குள் ஒன்று இருக்கிறது. முதலை என்று நினைக்காதீர்கள், முதலை உண்மையாகவே இருக்கிறது, அதற்குக் கதை தேவையில்லை. இது வேறு. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறும்போது எழும்பி ஒழுங்கைக்குள் வந்து ஒரு ஆளைக் கேட்கும். கொடுத்தால் அந்த வருடம் வீடுகளுக்குள் வெள்ளம் வராது. ஒழுங்கையில் 31 வீடு. யாருடைய முறை என்று எழுதி வைக்க ஒரு சீ.ஆர். கொப்பி, சிவப்பு மட்டை போட்டது. ஏழாம் அத்தியாயத்தில், வாடகைக்கு வந்து 3 மாதமே ஆன ஒரு குடும்பத்தின் பிள்ளையைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் காட்சி 6 பக்கம்.

நேற்றுப் பின்னேரம் நாலு நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்தவுடன் ஒருத்தன் சொன்னான், "மச்சான், இந்த நாட்டில் இருந்துகொண்டு கொடுமையைக் காட்டுவதற்குப் பேய் வேண்டுமா? பேப்பரை விரித்தால் போதாதா?" இன்னொருத்தி ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போய்விட்டாள். நான் 100ஆம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை, இப்பவும் வரவில்லை. இருட்டுக் கதைகளை, பேய் பிசாசு மாயம் எல்லாம் கலந்த கதைகளைச் சின்ன வயதிலிருந்து வாசிக்கிறேன். அவை மனிசரின் குரூரத்தைப் பற்றி ஏதோ சொல்கின்றன என்று நம்புகிறேன். என்ன சொல்கின்றன என்று கேட்டால் முழிக்கிறேன். யாராவது விளங்கப்படுத்துங்கள்.

மிளகாய்த்தூள் (சனி இரவு 11.52)

6 பக்கமா? தம்பி, பேய் சாப்பிடுவதை 6 பக்கம் எழுதினால் அது சமையல் குறிப்பு.

பகிடி இருக்கட்டும். உங்கள் பேயில் எனக்கு அக்கறை இல்லை. அந்தக் கொப்பியை யார் வைத்திருக்கிறார்கள்? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட இங்கே எழுதவில்லை, கவனித்தீர்களா?

2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம் ஞாபகம் இருக்குமே. அப்போது கொட்டாஞ்சேனையில் எரிவாயு வரிசையில் இரண்டாம் நாள் நிற்கிறேன். எல்லாரும் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து வைத்திருந்தோம். எனக்கு முன்னால் ஒரு ஐயா, 70க்கு மேல் இருக்கும், சங்கிலி போடவில்லை, நீலச் சிலிண்டரில் ஒரு துவாயைக் கட்டியிருந்தார், அடையாளத்துக்கு. சலம் கழிக்கப் போனார். அவர் சந்தி திரும்பினதுமே முன்னால் நின்ற ஒருவன் துவாயை அவிழ்த்து, சிலிண்டரைக் காலால் உருட்டி மதில் ஓரம் விட்டான். 40 பேராவது பார்த்திருப்போம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வரிசையில் ஒரு இடைவெளி விழுந்தது. நான் என் சிலிண்டரை அந்த இடைவெளிக்குள் தள்ளினேன்.

ஐயா திரும்பி வந்து துவாயைத்தான் முதலில் தேடினார்.

அன்றிரவு ஃபோன் வெளிச்சத்தில் ஒரு பிசாசுக் கதை வாசித்துக்கொண்டிருந்தேன். பிசாசு வருகிற இடமெல்லாம் கொட்டாவி விட்டபடி தாண்டினேன். பிசாசுக்குக் கதவைத் திறந்துவிடுகிற ஒரு வேலைக்காரன் வருவான், அவன் வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். பேப்பரில் இதெல்லாம் வராது. "எரிவாயு வரிசையில் அமளி" என்று மட்டும்தான் வரும்.

பழஞ்சுவடி (ஞாயிறு காலை 6.15)

தம்பி கால்வாய்க்கரை, உங்கள் நண்பர் கேட்டது புதிய கேள்வியும் இல்லை, மேற்கத்தியக் கேள்வியும் இல்லை. பேய்க்கதை வெளியிலிருந்து வந்த சரக்கு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் செய்து வைத்திருப்பதை விடவா?

போர் முடிந்து களம் முழுக்கப் பிணம். காளியின் பேய்களுக்குப் பசி. கூழ் காய்ச்சப் போகின்றன. அதற்கு முன்னால் பல் விளக்க வேண்டுமாம், யானைத் தந்தத்தைக் குச்சியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. காலையில் எழும்பி எங்கள் வீடுகளில் என்ன செய்வோமோ அதே ஒழுங்கு. பிறகு கூழ் வார்க்கிறார்கள், பந்தி பந்தியாக. குருட்டுப் பேய்க்கு, ஊமைப் பேய்க்கு, பிள்ளைத்தாய்ச்சிப் பேய்க்கு, முதல்நாள் கனவில் கூழ் குடித்த பேய்க்கு. இவற்றுக்கு நடுவில் சமணப் பேய்க்கும் ஒரு பாட்டு. உயிர்க்கொலை செய்யாத பேய்கள் இவை, ஒரு வேளைதான் உண்ணும், ஆகவே கூழில் மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, கொழுப்புத் துணியால் வடித்து ஊற்றுங்கள் அம்மா என்கிறார்.

40 வருடமாக இதைப் படிப்பித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வகுப்பு சிரிக்கும், பின் வாங்கில் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காது. அந்தப் பேய் யாரையும் கொல்லவில்லை. கூழ் பிணத்தில் காய்ச்சியது என்று அதற்குத் தெரியும். அதன் கவலையெல்லாம் மயிர் பற்றியது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பரணி போரைக் கண்டிக்க எழுதியது அல்ல. ஆயிரம் யானையை வென்றவனைப் பாடுகிற வகை அது. சோழ மன்னன் குலோத்துங்கனைப் பேய்கள் வாழ்த்துகின்றன. சமணரைக் கேலி செய்கிற நோக்கமும் அந்தப் பாட்டில் உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஆனால் கவிஞர் எதற்கு எழுதினார் என்பது ஒன்று, அந்த வடிகட்டுகிற துணி இன்றைக்கு நமக்கு எதைக் காட்டுகிறது என்பது வேறொன்று. மிளகாய்த்தூள் சொன்ன வரிசையில் நின்ற 40 பேரும் அந்தப் பந்தியில் இருந்தவர்கள்தான், என்னைச் சேர்த்து. நானும் அந்த வருடம் பல வரிசையில் நின்றவன்.

மூன்றாம் ஷிப்ட் (ஞாயிறு காலை 8.40)

இப்பதான் வேலை முடிந்து வந்தேன், அரைத் தூக்கத்தில் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

சேர், எனக்கு இதில் ஒரு சந்தேகம். இலக்கியக்காரர் எல்லாரும் "கதை நமக்குள் இருக்கும் இருட்டைக் காட்டுகிறது" என்கிறீர்கள். காட்டிய பிறகு என்ன? நான் வேலை செய்கிற இடத்தில் இரத்தம் புதினம் இல்லை. வீட்டுக்கு வந்து இன்னொரு இரத்தம் எதற்கு வாசிக்க வேண்டும்?

குரூரம் பற்றித் தெரிய வேண்டுமென்றால் உளவியலாளர் மில்கிராம் செய்த சோதனை போதும். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். அடுத்த அறையில் இருக்கிற ஆள் பிழையான பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் கரண்ட் அடிக்கச் சொல்வார்கள், உண்மையில் கரண்ட் கிடையாது, அது அழுத்துகிறவருக்குத் தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி ஆளி, 450 வோல்ட் வரை போனார்கள். பேயும் இல்லை, மாயமும் இல்லை. வெள்ளைக் கோட் இல்லை சாம்பல் கோட் போட்ட ஒருவர் "தயவுசெய்து தொடருங்கள்" என்று சொன்னார், அவ்வளவுதான்.

மிளகாய்த்தூள் (ஞாயிறு காலை 9.05)

அதே சோதனையின் மற்றப் பாதியையும் சொல்லுங்கள் ஷிப்ட். அடிபடுகிறவரை அதே அறையில் கொண்டுவந்து இருத்தினபோது 40இல் 16 பேர்தான் கடைசி வரை போனார்கள். அவர் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது 12 பேர். கிட்டப் போகப் போக ஆள் குறைகிறது. (12 என்பது பூச்சியம் இல்லை, அதுவும் தெரியும்.)

பேப்பர் எப்பவும் அடுத்த அறை. கதை கையைப் பிடித்துத் தகட்டில் வைக்கிறது. கதை வாசிக்க ஆள் கெட்டுப்போகும் என்றோ திருந்தும் என்றோ நான் சொல்ல வரவில்லை. ஆனால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லுகிற வசதி கதையில் இல்லை. வாசிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்.

மூன்றாம் ஷிப்ட் (ஞாயிறு காலை 9.11)

ம். தூங்கி எழும்பி யோசிக்கிறேன்.

சிவகதி (ஞாயிறு முற்பகல் 10.30)

எல்லாவற்றையும் உளவியலாக்காதீர்கள். சேர் பரணியைச் சொன்னார், சரி. இந்தப் போக்கில் நாளைக்கு, பெற்ற பிள்ளையைக் கறி சமைத்து அடியவருக்குப் படைத்த சிறுத்தொண்டர் கதையையும் பேய்க்கதைப் பட்டியலில் சேர்ப்பீர்கள் போலிருக்கிறதே.

பழஞ்சுவடி (ஞாயிறு முற்பகல் 11.00)

சேர்க்க மாட்டேன் ஐயா. ஆனால் பெரியபுராணத்தில் சேக்கிழாரே அதை வாசிப்பவருக்கு இலகுவாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும், உறுப்பில் குறை இருக்கக் கூடாது, தாய் பிடிக்கத் தகப்பன் அரிய வேண்டும், இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும் என்று பைரவ வேடத்தில் வந்தவர் நிபந்தனை மேல் நிபந்தனை போடுகிறார். எனக்கு ஆகக் கிலி தருவது அதில்லை. தலையிறைச்சி உதவாது என்று தாய் அதை நீக்கிவிடச் சொல்கிறாள். விருந்தாளி கேட்டாலும் கேட்பார் என்று நினைத்துச் சந்தனத்தார் அதையும் முன்கூட்டியே சமைத்து வைத்திருக்கிறாள். வேலைக்காரி அவள். அவளிடம் யாரும் நிபந்தனை போடவில்லை.

பிள்ளை திரும்பி வருகிறான், பக்திக் கதையாக அது முடிகிறது, உங்கள் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை.

சிவகதி (ஞாயிறு முற்பகல் 11.20)

சந்தனத்தார் செய்ததும் தொண்டுதான். அடியவர் மனம் அறிந்து செய்தாள். கொடுமை என்று வெளியே நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும். அவ்வளவுதான் சொல்வேன், இதற்கு மேல் வாதாட விருப்பமில்லை.

கால்வாய்க்கரை (ஞாயிறு மதியம் 1.15)

சிவகதி ஐயாவின் கடைசி வரி எனக்குப் பயன்படும், ஐயா கோபிக்க வேண்டாம். என் ஒழுங்கைக்காரரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன், வெளியே நின்று பார்ப்பவருக்கு விளங்காது, வெள்ளம் உங்கள் வீட்டுக்குள் வரவில்லையே என்பார்கள்.

மிளகாய்த்தூள் அக்கா கேட்டதற்குப் பதில்: கொப்பியை வைத்திருப்பவர் ஒழுங்கையின் முன்னாள் கிளாக்கர் ஒருவர், பென்சன்காரர். கதையில் அவருக்கு 2 பந்திதான் கொடுத்திருந்தேன். வாடகைக் குடும்பத்தின் பெயரை ஏன் முன்னுக்கு நகர்த்தினார் என்று நான் எழுதவே இல்லை. எழுத மறந்துவிட்டேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்.

ஒரு கேள்வி. அவர் மறுத்தால் அவருடைய பேத்தியின் பெயர் வரும் என்று பேய் மிரட்டியிருந்தால்? அப்போது அவர் மேல் பிழை இருக்கிறதா?

புதுக்கடை நரி (ஞாயிறு மாலை 5.40)

என் இடத்துக்கு வந்துவிட்டீர்கள். சட்டம் முதலில், கதை பிறகு.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. உயிர் போய்விடும் என்ற மிரட்டலில் செய்த குற்றத்துக்கு அது பெரும்பாலும் மன்னிப்புக் கொடுக்கிறது. கொலைக்குக் கொடுக்காது. "என்னைக் கொன்றிருப்பான், அதனால் அவனைக் கொன்றேன்" என்று எதிரிக்கூண்டில் நின்று சொல்லித் தப்ப முடியாது. உங்கள் கிளாக்கர் கொல்லவில்லை, எழுதிக் கொடுத்தார், அது உடந்தை. உடந்தைக்கு வேண்டியது தெரிந்து உதவுவது, கையில் இரத்தம் படவேண்டிய அவசியம் இல்லை. நீதிமன்றத்தில் நான் அவருக்காகத் தோன்றினால் பேத்தியைத்தான் முன்னால் நிறுத்துவேன், தோற்றும் போவேன்.

இப்போது கதை. இந்தக் கேள்வியை இந்தத் தீவில் ஆகப் பழைய ஒரு இருட்டுக் கதை கேட்டுவிட்டது. குவேனி. பாடப்புத்தகத்தில் 2 வரியில் தாண்டியிருப்போம். பழைய பாளி நூலான மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிற இயக்கி அவள். கடல் கடந்து வந்த இளவரசன் விசயனின் ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் பள்ளத்தில் போட்டு வைத்திருக்கிறாள், அவளும் அப்பாவி கிடையாது. விசயன் வந்து இடக்கையால் அவள் தலைமயிரைப் பற்றி வலக்கையில் வாளை ஓங்குகிறான். உயிருக்குப் பயந்து, ஆட்களைத் திருப்பித் தருகிறேன், இராச்சியமும் தருகிறேன் என்கிறாள். இதுவரை மிரட்டல். எந்த நீதவானும் இந்த இடத்தில் அவளை விட்டுவிடுவார்.

அன்றிரவு பாட்டும் வாத்தியமும் கேட்கிறது, என்ன சத்தம் என்று விசயன் கேட்கிறான். பக்கத்து நகரத்தில் இயக்கர் கலியாண வீடு, எல்லாரும் ஒன்றுகூடியிருக்கிறார்கள், இன்றைக்கே முடித்துவிடு என்று சொல்லிக் கொடுக்கிறாள். கண்ணுக்குத் தெரியாதவர்களை எப்படி வெட்டுவது என்று அவன் கேட்கிறான். அவர்கள் நிற்கிற இடத்தில் நான் சத்தம் போடுகிறேன், சத்தம் வருகிற இடத்தில் வெட்டு என்கிறாள்.

அந்த இரவை நினைத்துப் பாருங்கள். கலியாண வீடு. சொந்தக்காரர். யாரும் யாரையும் காணவில்லை. ஒரு பெண்ணின் குரல் இங்கே கேட்கிறது, வாள் இங்கே விழுகிறது. குரல் அங்கே கேட்கிறது, வாள் அங்கே விழுகிறது. வாள் அப்போது அவள் கழுத்தில் இல்லை. மிரட்டல் எந்த நிமிடத்தில் முடிந்து விருப்பம் எந்த நிமிடத்தில் தொடங்கியது? 20 வருடம் புதுக்கடையில் வழக்காடியவன் சொல்கிறேன், எனக்கு அந்தக் கோட்டைக் காட்ட முடியாது.

பிறகு அவனுக்கு மதுரையிலிருந்து அரசகுமாரி வருகிறாள். பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு நீ போ, மனிதர் உன் இனத்துக்குப் பயப்படுகிறார்கள் என்கிறான். அவள் பிள்ளைகளோடு தன் சனத்திடம் போகிறாள், பிள்ளைகளை வெளியே இருத்திவிட்டு நகருக்குள் நுழைகிறாள். உளவு பார்க்க வந்தவள் என்று எண்ணி ஒரு இயக்கன் ஒரே குத்தில் கொல்கிறான். பிள்ளைகளை ஓடித் தப்பச் சொன்னவன் அவளுடைய சொந்த மாமன். அவனும் அவளால் ஆட்களை இழந்தவனாகத்தான் இருந்திருப்பான், அது என் ஊகம், மகாவம்சம் சொல்லவில்லை.

இதை வரலாறு என்று வாதாட நான் வரவில்லை, யாரும் இங்கே அந்தச் சண்டையைத் தொடங்கவும் வேண்டாம். கதையாகப் பாருங்கள். இயக்கி, மாயம், கண்ணுக்குத் தெரியாத சனம் எல்லாம் வருகிறது, பயங்கரம் மட்டும் அந்தச் சத்தத்தில் இருக்கிறது.

மூன்றாம் ஷிப்ட் (ஞாயிறு இரவு 7.30)

தூங்கி எழும்பினேன். நரி அண்ணை எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். சத்தியமாக இந்தச் சத்தம் போடுகிற இடம் எனக்கு ஞாபகமே இல்லை, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

ஆனாலும் ஒன்று. எல்லாரும் கூட நின்று கெட்டவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். மறுத்தவர் யாரும் இருட்டுக் கதைகளில் இல்லையா? எப்ப பார்த்தாலும் சறுக்கினவன்தானா?

பழஞ்சுவடி (ஞாயிறு இரவு 8.10)

இருக்கிறார்கள், ஆனால் சுத்தமாக இல்லை. மணிமேகலையில் சாதுவன். கப்பல் உடைந்து, ஆள் தின்னும் நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவர்கள் பாஷை தெரிந்ததால் பிழைக்கிறான். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்கச் சொல்கிறான், வேண்டாம் என்கிறான். கப்பல் உடைந்து கரை சேருகிறவரைக் கொல்லாதே, மிருகத்திலும் வயது போய்த் தானாகச் செத்ததைத் தவிர வேறெதையும் தின்னாதே என்று கேட்டு வாங்குகிறான். முழுத் தர்மம் கேட்கவில்லை, அவனால் முடிந்த அளவுக்குப் பேரம் பேசினான். தலைவன் ஒத்துக்கொள்கிறான்.

அடுத்த இடம்தான் முக்கியம். தலைவன் சந்தனமும் துகிலும் நிதியும் அள்ளிக் கொடுக்கிறான். இவை முன்பு கப்பல் கவிழ்ந்து வந்தவர்களின் பொருள், அவர்களை நாங்கள் உண்டோம், நீ கொண்டு போ என்கிறான். சாதுவன் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறி, ஊருக்கு வந்து மனைவியோடு வாழ்கிறான், தானமும் செய்கிறான். சாத்தனார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிள்ளைகளிடம் கேட்பேன், அந்தத் துணியை நீங்கள் உடுப்பீர்களா என்று. வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும்.

மிளகாய்த்தூள் (ஞாயிறு இரவு 8.25)

எதிர்ப்பக்கத்தில், ஜெர்மன் நாட்டுக்கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள். காட்டில் விடப்படுகிற அண்ணன் தங்கை கதை 1812இல் வந்தபோது பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாய். 1840 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பிள்ளையைத் தின்னப் பார்க்கிற சூனியக்காரியை அப்படியே விட்டார்கள், அவள் பரவாயில்லையாம். பெற்ற தாய்தான் தாங்கவில்லை.

தம்பி, உங்கள் நண்பி தேத்தண்ணியை விட்டுவிட்டு எழும்பினது பேய்க்காகத்தான் என்று நினைக்கிறீர்களா?

லாம்புக்கண்ணாடி (ஞாயிறு இரவு 10.50)

நான் இங்கே எழுதுவது குறைவு. நரித் தம்பி குவேனியின் சத்தத்தைப் பற்றி எழுதினதை வாசித்த பிறகு சாப்பிட மனமில்லை. அதனால் எழுதுகிறேன், நீளமாகப் போனால் மன்னியுங்கள்.

1983இல் எனக்கு 16 வயது. வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கை, பெயர் வேண்டாம். ஜூலை 25, திங்கட்கிழமை. ஞாயிறு இரவு பொரளைப் பக்கம் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியது எங்களுக்குச் சரியாகத் தெரியாது, அப்பா வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பத்து மணியளவில் காலி வீதிப் பக்கம் புகை. காடையரிடம் வாக்காளர் பட்டியல் இருந்தது என்று பிறகு எல்லாரும் எழுதினார்கள், உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம், வந்து 5 மாதம். பட்டியலில் எங்கள் பெயர் இல்லை.

எதிர் வீட்டு அம்மா எங்களைக் குசினி வழியாக இழுத்துத் தன் வீட்டுக்குள் விட்டா. நானும் தம்பியும் அரிசி மூட்டைக்குப் பின்னால். அங்கிருந்து சன்னல் பலகை இடுக்கால் ஒழுங்கை தெரியும். வந்தவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் மூச்சு விட்டேன். அவர்களோடு பின்னால் ஒரு பெடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான், 12 வயது இருக்கும், பக்கத்து ஒழுங்கை, என் தம்பியோடு பட்டம் விடுகிறவன். ஒரு ஆள் அவனிடம் ஏதோ கேட்டான். எனக்குக் கேட்கவில்லை. அவன் கை நீட்டவில்லை. வாயும் திறக்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே நிலத்தைப் பார்த்தான்.

அவ்வளவு போதுமாயிருந்தது.

எதிர் வீட்டு அம்மாவின் கதவையும் தட்டினார்கள். அவ வாசலில் நின்று, முந்தின நாளே போய்விட்டார்கள் என்று சிங்களத்தில் சொன்னா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள், குரல் நடுங்கினது எனக்குக் கேட்டது. அவவுக்கும் 2 பிள்ளைகள், அந்த நேரம் என் பக்கத்தில்தான் இருந்தார்கள், சின்னவளின் வாயை நான் பொத்திக்கொண்டிருந்தேன்.

6 நாள் கழித்து, பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் அகதியாக இருந்தபோது அந்தப் பெடியன் வந்தான். தனியாக, அதே சைக்கிளில். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்தான், ஒரு பக்கம் கருகியிருந்தது. எரிந்த வீட்டுக்குள் தேடியிருக்கிறான். தம்பி அவனோடு கதைக்கவில்லை. அப்பா வாங்கிப் போட்டுக்கொண்டார், நன்றி என்றார். அவன் பார்த்ததை நான் அப்பாவிடம் சொல்லவில்லை, அவர் சாகும்வரை சொல்லவில்லை. அப்பா அந்தக் கண்ணாடியைப் பிறகு 2 வருடம் போட்டிருந்தார்.

40 வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதைப் பற்றி வந்த கட்டுரைகள், அறிக்கைகள் கனக்க வாசித்தேன். எதிர் வீட்டு அம்மா அவற்றில் இருக்கிறா, "அயலவர் பலர் காப்பாற்றினர்" என்ற வரியில். காடையரும் இருக்கிறார்கள். அந்தப் பெடியன் எதிலும் இல்லை. அவன் ஏன் பார்த்தான்? பயமா, பழக்கத்தில் திரும்பின கண்ணா, எங்களைக் காட்டத்தானா? எனக்குத் தெரியாது, அவனுக்கே தெரியுமா என்றும் சந்தேகம். நான் பேய்க்கதை வாசிக்கிற காரணம் இதுதான். அவனை மாதிரி ஒருத்தனை அங்கேதான் சந்திக்கிறேன், பேய்க்கும் ஆட்களுக்கும் நடுவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிற்பான்.

மிளகாய்த்தூள் (ஞாயிறு இரவு 11.30)

அக்கா.

மூன்றாம் ஷிப்ட் (திங்கள் அதிகாலை 3.10)

வேலையில் இருக்கிறேன். வாசித்தேன். காலையில் கேட்ட கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

புதுக்கடை நரி (திங்கள் காலை 7.00)

அக்கா, பார்வைக்குச் சட்டத்தில் இடமில்லை. சொல், சைகை, உதவி எல்லாம் வரும். பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தவனை எந்தப் பிரிவில் போடுவது என்று காலையில் இருந்து யோசிக்கிறேன், எனக்கு இன்றைக்கு 9 மணிக்கு வழக்கு இருக்கிறது, கோப்பைத் திறக்கவில்லை.

கால்வாய்க்கரை (வியாழன் இரவு 9.45)

4 நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். லாம்புக்கண்ணாடி அக்காவுக்குத் தனிமடல் போட்டுக் கேட்டேன், உங்கள் பெடியனை எடுத்துக்கொள்ளலாமா என்று. எடுத்துக்கொள், ஆனால் பட்டத்தை விட்டுவிடு, அது தம்பியுடையது என்றா. விட்டுவிட்டேன்.

ஏழாம் அத்தியாயம் இப்போது இப்படித் தொடங்குகிறது:

"கிளாக்கர் கொப்பியைத் திறக்கும்போது மழை விட்டிருந்தது. எட்டாவது வரியில் அவருடைய பேத்தி. அவர் அழிறப்பரை எடுக்கவில்லை, கொப்பியை மேசையிலே திறந்தபடி விட்டுவிட்டு மாத்திரை போடக் குசினிக்குப் போனார். பேனைக்கு மூடி போடவில்லை. திரும்பி வந்தபோது வரிசை மாறியிருந்தது. எழுத்து யாருடையது என்று பார்க்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி எங்கே வைத்தார் என்று தேடினார், கன நேரம் தேடினார், அது அவர் நெற்றியில் இருந்தது."

பேய் இப்போது ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் சத்தமாக மட்டும். எழும்பிப் போன நண்பிக்கு நேற்று அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை, ஆனால் வாசித்துவிட்டாள் என்று காட்டுகிறது.

பழஞ்சுவடி (வியாழன் இரவு 10.05)

"பேனைக்கு மூடி போடவில்லை" நல்லது. "கன நேரம் தேடினார்" என்பதை எடுத்துவிடலாம், தேடினார் என்றாலே போதும். அழிறப்பரில் பேனை எழுத்து அழியாது, அதையும் பாருங்கள்.

மிளகாய்த்தூள் (வியாழன் இரவு 10.20)

அந்த 6 பக்கம் என்ன ஆயிற்று?

கால்வாய்க்கரை (வியாழன் இரவு 10.22)

ஒன்றரைப் பக்கமாக்கிவிட்டேன் அக்கா.

மிளகாய்த்தூள் (வியாழன் இரவு 10.23)

ஒன்றையும் வெட்டுங்கள். அரை போதும்.